ரெயிலர் பிறேக் லைற் அலேற்: வென்டர் "திருத்தியாச்சு" எண்டு அனுப்பிற வேலையை எப்பிடிப் பாத்து ஒத்துக்கொள்ளுறது?

நல்லூர் நைற் ஷிப்ற்:

வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணத்திலை ஒரு ஒஃபிஸிலை இரவு ஷிப்ற் செய்யிறன், அமெரிக்காவிலை ஓடுற ரெயிலர்களின்ரை மெயின்ரனன்ஸ் விசயம் எல்லாம் எங்கடை ஸ்கிறீனுக்குத்தான் வரும். ரெயிலரிலை பூட்டியிருக்கிற, கறண்டை அளக்கிற சென்சர் பெட்டி "பிறேக் லைற் சேர்க்கிற்றிலை பிழை" எண்டு அலேற் அனுப்பும், ரெயிலர் நிக்கிற ஊரிலை இருக்கிற வென்டர் (காசுக்குத் திருத்திக் குடுக்கிறவர்) ஒராளைக் கூப்பிட்டு வேலையைக் குடுப்பினம், அவை செய்து முடிச்சு இன்வொயிஸும் ஒண்டு ரண்டு ஃபோட்டோவும் அனுப்புவினம், அதைப் பாத்து "வேலை சரி, காசு குடுக்கலாம்" எண்டு எழுதுறது என்ரை வேலை.

பிரச்சினை என்னெண்டால் முக்கால்வாசி இன்வொயிஸிலை ஒரே வசனம்தான். "சென்சர் மாத்தினது, ரெஸ்ற் பண்ணினது, சரி." அதுக்கு மேலை ஒரு சொல்லும் இல்லை. எங்கடை விதி என்னெண்டால் வேலை முடிஞ்சு ரண்டு நாளுக்கை அதே அலேற் திருப்பி வராட்டி டிக்கற்றை, அதாவது அந்தக் குறைக்குத் திறந்த பதிவை, மூடலாம். ரண்டு நாளுக்கை வராதுதான். பேந்து கொஞ்ச நாளாலை அதே ரெயிலர், அதே அலேற், வேறை மாநிலம், வேறை வென்டர், திருப்பியும் சென்சர் மாத்தினதெண்டு ஒரு பில். ஒரு 53 அடி ரெயிலருக்கு இந்த வருசம் மட்டும் மூண்டு சென்சர் மாத்தியிருக்கினம். மூண்டும் பழுதாப் போகுமோ? எனக்கு நம்பேலாமல் கிடக்கு, ஆனால் அதைப் பிழையெண்டு சொல்லிறதுக்கு எனக்கு வயரிங் தெரியாது.

காசு மட்டும் எண்டால் இவ்வளவு யோசிக்க மாட்டன். இரவிலை ஏ9 இலை பஸ்ஸிலை போய் வந்த ஆக்களுக்குத் தெரியும், மாங்குளம் பக்கம் கும்மிருட்டுக்கை முன்னாலை போற லொறி பிறேக் பிடிக்கேக்கை சிவப்பு எரியாட்டி பின்னாலை வாறவனுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் எண்டு. அங்கை அது 53 அடி ரெயிலர், எங்கடை றோட்டைவிட இன்னும் வேகமா ஓடுறது. நான் ஒத்துக்கொண்ட பேப்பரை நம்பித்தான் அந்த ரெயிலரைத் திருப்பி றோட்டிலை விடினம்.

லொறி வயரிங் தெரிஞ்சவை, இந்த மாதிரி வேலை செய்தவை தயவு செய்து சொல்லுங்கோ. பேப்பரிலையும் ஃபோட்டோவிலையும் என்னத்தைப் பாக்கவேணும், வென்டரிட்டை என்னத்தைக் கேக்கவேணும்?

கொக்குவில் வயரிங்:

பிள்ளை, கேள்வி நல்ல கேள்வி. நான் கனகாலமா இஞ்சை லொறி, பஸ் வயரிங் வேலை செய்யிறன், அமெரிக்க ரெயிலர் தொட்டதில்லை, ஆனால் கறண்ட் எல்லா ஊரிலையும் ஒரே மாதிரித்தான் ஓடும். சென்சரிலை தொடங்காமல் வயரிலை தொடங்குங்கோ.

டிறைவர் பெடலை மிதிக்க சுவிச் ஒண்டு போடுது, அதாலை கறண்ட் சிவப்பு வயராலை வந்து பிறைம் மூவருக்கும் (முன்னாலை இழுக்கிற ட்றக்) ரெயிலருக்கும் இடையிலை கிடக்கிற சுருள் கேபிளுக்கை போய், ஏழு பின் சொக்கற்றைத் தாண்டி, சேஸிஸ் வழிய முழு நீளமும் ஓடி, பின்லைற்றை எரிச்சு, வெள்ளை வயராலை ஏர்த்துக்குத் திரும்பிவரவேணும். இதிலை எத்தினை மூட்டு இருக்கெண்டு எண்ணிப் பாருங்கோ. உங்கடை பெட்டி செய்யிறது இந்தப் பாதையிலை எவ்வளவு கறண்ட் போகுதெண்டு அளக்கிறது மட்டும்தான். குறைஞ்சால் பிழை எண்டு கத்தும், கூடினாலும் கத்தும். அது கத்தினதுக்கு அதையே மாத்தினால் என்ன பலன்? பாதை அப்பிடியே கிடக்கும்.

எங்கடை பக்கத்திலை முக்கால்வாசி உப்புத்தான். ஆனையிறவு உப்புக்காத்து ஒரு பக்கம், மயிலிட்டியிலை மீன் ஏத்துற லொறியளிலை ஐஸ் தண்ணியும் உப்புத் தண்ணியும் சேர்ந்து பின்பக்கத்தாலை வடிஞ்சு லைற் பிளக்குக்கை போறது மற்றப் பக்கம். சொக்கற்றைக் கழட்டினால் பின்னிலை பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கும், அதைச் சுரண்டித் துடைச்சுப் போட்டு லைற் எரியுது எண்டு அனுப்பிவிடுவினம். ஆனால் அந்த வயரின்ரை றப்பரை ஒரு விரல் நீளத்துக்கு உரிச்சுப் பாருங்கோ, உள்ளுக்கை செம்பு செம்பாவே இருக்காது, கறுத்து மாவா உதிரும். ஏனெண்டால் நுனியிலை பட்ட உப்புத் தண்ணியைச் செம்பு இழையள் விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி உள்ளுக்கை இழுத்துக்கொண்டு போகும். அந்த வயரை நல்ல செம்பு தெரியுமட்டும் வெட்டி எறிஞ்சு புது வயர் போடாமல் எதை மாத்தினாலும் திருப்பி வரும்.

இன்னொரு அநியாயம் இருக்கு. ரெஸ்ற் லாம்ப் ஊசியாலை வயரின்ரை றப்பரைக் குத்திப் பாக்கிறது. குத்தின ஓட்டையாலை தண்ணி போகும், நாலு மாசத்தாலை அந்த இடத்திலையே வயர் அறும். வென்டர் அனுப்பிற ஃபோட்டோவிலை வயரிலை குத்தின அடையாளம் தெரிஞ்சால் கேள்வி கேளுங்கோ.

ஏர்த்தை மறக்காதேங்கோ. பிறேக் மிதிக்கேக்கை பாக் லைற் (இரவிலை போட்டு ஓடுற பாக்கிங் லைற்) மங்கினாலோ, சிக்னல் போடேக்கை மற்ற லைற்றும் சேர்ந்து மின்னினாலோ நூற்றுக்குத் தொண்ணூறு ஏர்த்துத்தான் பிழை. கறண்டுக்குத் திரும்பிற பாதை இல்லாட்டி மற்ற லைற்றுகளுக்குள்ளாலை வழி தேடும். டிறைவர் ஆரும் அப்பிடி எழுதியிருக்கினமோ எண்டு பாருங்கோ.

மீற்றராலை அளந்தனாங்கள் எண்டு எழுதினால் லைற்றைப் பூட்டினபடி அளந்தவையோ எண்டு கேக்கவேணும். லைற்றைக் கழட்டிப்போட்டு வெறும் பிளக்கிலை மீற்றர் வைச்சால் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் முழு வோல்ற் காட்டும். லைற் எரிஞ்சு கறண்ட் இழுக்கேக்கைதான் எங்கை விழுதெண்டு தெரியும். முன் சொக்கற்றிலை எவ்வளவு, பின் லைற்றிலை எவ்வளவு, ரண்டையும் எழுதச் சொல்லுங்கோ. ரண்டுக்கும் இடையிலை கன வித்தியாசம் எண்டால் அந்த நடுவிலைதான் பிழை கிடக்கு.

வவுனியா பொடியன்:

அக்கா ஒரு சந்தேகம். அலேற்றே பிழையா வரலாம் தானே? எங்கடை கொம்பனி வானிலை பின்லைற் எல்லாம் எல்ஈடிக்கு மாத்தினாப் பிறகு டாஷ்போட்டிலை பல்ப் போச்செண்டு காட்டிக்கொண்டே இருந்தது, லைற் வடிவா எரிஞ்சுகொண்டுதான் இருந்தது. அப்பிடி எண்டால் சென்சரை மாத்தினவையிலை என்ன குற்றம்?

பிரம்ரன் ரெயிலர் மெக்கானிக்:

தம்பி வவுனியா, வரலாம். ஏன் வருதெண்டு விளங்கினால் எப்ப நம்பலாம் எப்ப நம்பேலாது எண்டும் விளங்கும். நான் கனடாவிலை ரெயிலர் வேலை செய்யிறன், ஊர் கோண்டாவில். கொக்குவில் அண்ணை சொன்னது ஒரு சொல்லும் பிழையில்லை, இஞ்சத்தைய விசயத்தை மட்டும் நான் சேர்த்துச் சொல்லுறன்.

இஞ்சை ட்றக் எல்லாம் 12 வோல்ற், ஊரிலை பெரிய லொறியள் 24. ஏழு பின் சொக்கற் எஸ்ஏஇ ஜே560 எண்ட முறைப்படி. வெள்ளை ஏர்த், சிவப்பு நாலாம் பின் பிறேக் லைற், நீலம் ஏழாம் பின் ஏபிஎஸ்ஸுக்கு (பிறேக் பிடிக்கேக்கை சில்லு இறுகி வழுக்காமல் பாக்கிறது) எப்பவும் கறண்ட் குடுக்கிறது. பழைய 1157 பல்ப்பிலை பிறேக் இழை 12.8 வோல்ற்றிலை 2.1 அம்பியர் இழுக்கும். ரண்டு லைற்றெண்டால் நாலுக்குச் சொச்சம். எல்ஈடி லைற் எண்டால் ஒண்டுக்குக் கனதுக்கு அரை அம்பியரும் வராது. பெட்டி முந்தி பல்ப்புக்குப் பழகின கணக்கிலை நிண்டால் எல்ஈடி போட்டதும் லைற் இல்லை எண்டுதான் நினைக்கும். அப்ப செய்யவேண்டியது பெட்டிக்குப் புதுக்கணக்குப் படிப்பிக்கிறது, சென்சர் மாத்திறதில்லை. அதாலை நீங்கள் முதல் பாக்கவேண்டியது இந்த அலேற் தொடங்கிறதுக்குக் கொஞ்சம் முந்தி ஆராவது லைற் மாத்தினவையோ எண்டதை. ஒரு பக்கம் எல்ஈடி மற்றப் பக்கம் பல்ப், இல்லாட்டி வேறை வேறை கொம்பனி எல்ஈடி, இதெல்லாம் நான் கண்ணாலை பாக்கிறது.

ஆனால் எல்ஈடியிலை இன்னொரு ஆபத்தும் இருக்கு. வோல்ற் நல்லாக் குறைஞ்சாலும் எல்ஈடி எரியும். பல்ப் எண்டால் மங்கிக் காட்டிக் குடுத்திடும், எல்ஈடி பிரகாசமா நிண்டுகொண்டே உள்ளுக்கை வயர் உக்கிறதை மறைக்கும். எனவே லைற் எரியிற ஃபோட்டோ வந்தால் மட்டும் காணாது.

ஃபோட்டோவைப் பற்றி இன்னொண்டு, இது முக்கியம். பின்னாலை இருக்கிற அந்த நாலு இஞ்சி வட்ட லைற், ஆறு இஞ்சி நீள்வட்ட லைற், ரண்டிலையும் பாக் லைற்றும் பிறேக் லைற்றும் ஒரே கண்ணாடிக்கைதான். பாக் லைற் போட்டுப்போட்டு எடுத்த ஃபோட்டோவும் சிவப்பாத்தான் இருக்கும். பிறேக் மிதிச்சு, விட்டு, திருப்பி மிதிக்கிற சின்ன வீடியோ கேளுங்கோ, ரெயிலர் நம்பரும் அதுக்கை தெரியவேணும். வெளிச்சம் கூடிக் குறையிறது தெரிஞ்சால்தான் பிறேக் லைற்.

சுருள் கேபிளை நாங்கள் பிக்ரெயில் எண்டுறது. அது ட்றக்கின்ரை சாமான், ரெயிலரின்ரை இல்லை. அதுக்கை வயர் முறிஞ்சிருந்தால் அந்த ட்றக் பூட்டிற ரெயிலர் எல்லாத்திலையும் அலேற் வரும், கழட்டினதும் போயிடும். வென்டர் வந்து பாக்கேக்கை ட்றக் போயிருக்கும், அவன் தன்ரை ரெஸ்ற்றர் பெட்டியைப் பூட்டிப் பாப்பான், எல்லாம் எரியும். அவனுக்கு ஒண்டும் விளங்காது, வெறுங்கையோடை போனால் கூப்பிட்ட காசு தருவினமோ எண்டும் தெரியாது, ஒரு சென்சரை மாத்திப்போட்டுப் போவான். அவன் கள்ளன் எண்டில்லை. எங்களுக்கும் வேலை அப்பிடித்தான் வருது. "பிறேக் லைற் அலேற், பாத்துத் திருத்து" எண்டு ஒரே ஒரு வரி. எந்த நேரம் வந்தது, எந்த ட்றக் பூட்டியிருந்தது, மழையோ, வளைவிலையோ ஒண்டும் சொல்ல மாட்டினம். மாசி மாசத்துக் குளிரிலை கையுறை போட்டுக்கொண்டு றோட்டுக் கரையிலை படுத்துக் கிடந்து பாக்கிறவனுக்கு, பிழை தேட எண்டு நேரமும் குடுக்கிறேல்லை, மாத்தின சாமானுக்கு மட்டும் காசு குடுப்பினம். அப்ப அவன் சாமான்தான் மாத்துவான்.

எங்கடை உப்பு கடல் உப்பில்லை, பனிக்கு றோட்டிலை கொட்டுற உப்பு. அதோடை மெக்னீசியம் குளோரைட், கல்சியம் குளோரைட் கரைசலும் அடிக்கினம், அது காயாமல் ஈரத்தைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு வயரைத் தின்னும். அதாலை பனி பெய்யிற மாநிலங்களிலை ஓடின ரெயிலர் எண்டால் மூட்டிலை உள்ளுக்குப் பசை வைச்ச சுருங்கிற குழாய் போட்டு அடைச்சவையோ எண்டு ஃபோட்டோவிலை பாருங்கோ. ரேப் சுத்தியிருந்தால் அது அடுத்த குளிர்காலம் தாங்காது. லைற் பின்பக்க இரும்பிலை எங்கை இருக்கெண்டும் பாருங்கோ, சாமான் இறக்கப் பின்னுக்கு எடுக்கேக்கை மேடையிலை இடிபட்டு பிளக் கழண்டு நிக்கிறதும் கன இடத்திலை நடக்குது.

கடைசியா ஏபிஎஸ். அமெரிக்காவிலை 1998 மார்ச் 1 தொடக்கம் செய்த எயர் பிறேக் ரெயிலரிலை ஏபிஎஸ் இருக்கவேணும் எண்டது சட்டம். அந்த ஏபிஎஸ்ஸுக்கு நீல வயராலை வாற கறண்ட் நிண்டால் பிறேக் லைற் வயராலைதான் மாற்றுக் கறண்ட் போகும். அப்ப சிவப்பு வயர் பழுதெண்டால் லைற் மட்டுமில்லை, ஏபிஎஸ்ஸின்ரை பின்துணையும் போச்சு. இதை உங்கடை சுப்பவைசருக்குச் சொல்லுங்கோ, சின்ன லைற் பிரச்சினை எண்டு தள்ளி வைக்க மாட்டார்.

முந்தின ஷிப்ற்காரன்:

நான் இதே மாதிரி வேலையைக் கொஞ்சக் காலம் செய்தனான், இப்ப வேறை வேலை. வயரிங் பக்கம் ரண்டு பேரும் சொல்லியாச்சு, நான் ஸ்கிறீன் பக்கம் சொல்லுறன்.

உங்கடை ரண்டு நாள் விதிதான் முதல் பிழை. அலேற் வராததும் பிழை இல்லாததும் ரண்டு வேறை விசயம். பிறேக் மிதிச்சால்தான் அந்தச் சிவப்பு வயரிலை கறண்ட் வரும், வந்தால்தான் பெட்டி அளக்கும். வேலை முடிஞ்ச ரெயிலரைக் கழட்டி யாட்டிலை விட்டிருந்தால் ஆரும் பிறேக் மிதிக்கப் போறேல்லை, ரண்டு நாளென்ன ரண்டு மாசம் நிண்டாலும் அலேற் வராது. நீங்கள் தேடவேண்டியது வேலைக்குப் பிறகு ரெயிலர் ஒரு ட்றக்கோடை பூட்டுப்பட்டு ஓடி, பிறேக் பிடிச்சு, அந்த நேரம் கறண்ட் சரியான அளவிலை வந்ததெண்ட பதிவு. அது கிடைக்குமட்டும் டிக்கற்றை மூடாதேங்கோ, நாள் கணக்கைப் பாக்காமல் ஓட்டத்தைப் பாருங்கோ. ஜிபிஎஸ் பதிவு உங்களிட்டையே இருக்கும், திறந்து பாத்தால் தெரிஞ்சிடும்.

நேரத்திலை கவனம். அலேற் உள்ளுக்கை ஒரு நேரத்திலை பதியும், ஸ்கிறீன் எங்கடை யாழ்ப்பாண நேரத்துக்கு மாத்திக் காட்டும், வென்டர் தன்ரை ஊர் நேரத்தை எழுதுவான். அமெரிக்காவின்ரை நடுப்பகுதி மாநிலங்களுக்கும் எங்களுக்கும் குளிர்காலத்திலை பதினொண்டரை மணித்தியாலம் வித்தியாசம், கோடையிலை பத்தரை. வேலை முடிய முந்தி வந்த அலேற்றைப் பிந்தி வந்ததெண்டு நினைச்சு நல்ல வென்டரைக் குற்றம் சொல்லுறதும் நடக்கும், மறுவளமா நடக்கிறதும் உண்டு. எல்லாத்தையும் ஒரு நேரத்துக்கு மாத்திப்போட்டு ஒப்பிடுங்கோ.

அலேற்றுக்குள்ளை எஃப்எம்ஐ எண்டு, பிழை எந்த வகை எண்டு சொல்லுற ஒரு இலக்கம் வருகுதோ பாருங்கோ. ஜே1939 எண்ட லொறித் தரவு முறைப்படி 5 எண்டால் கறண்ட் குறைவு, இல்லாட்டிப் பாதை அறுந்திருக்கு. 6 எண்டால் கறண்ட் கூட, இல்லாட்டி வயர் சேஸிஸிலை முட்டுது. 2 எண்டால் வந்து வந்து போகுது. அலேற் 6 எண்டு சொல்ல வென்டர் பல்ப் மாத்தினதெண்டு எழுதினால் ரண்டும் ஒத்துப்போகேல்லை, உரசுப்பட்ட வயரைத் தேடினவையோ எண்டு கேக்கவேணும். 2 எண்டால் அந்த நேரத்து மழையையும் பாருங்கோ.

பழைய வேலையளைத் தேடேக்கை இன்னொரு பொறி இருக்கு. திருத்த வேலையளை வகை பிரிக்கிற விஎம்ஆர்எஸ் கோட்டிலை 013 பிறேக், 034 லைற். பிறேக் லைற் அலேற் எண்டதாலை ஒரு வென்டர் 013 இலை போடுவான், மற்றவன் 034 இலை போடுவான். ஒண்டை மட்டும் தேடினால் திரும்பத் திரும்ப நடந்த வேலை கண்ணிலை படாது. ரெயிலர் நம்பரைப் போட்டு ரண்டையும் தேடுங்கோ.

இன்வொயிஸிலை மூண்டு விசயம் இருக்கவேணும், என்ன குறை, என்ன காரணம், என்ன செய்தது. உங்கடை வசனத்திலை மூண்டாவது மட்டும்தான் இருக்கு. நடுவிலை இருக்கிற காரணம் இல்லாத இன்வொயிஸை நான் திருப்பி அனுப்பிறனான். டிறைவர் எழுதிற ரிப்போட்டையும் சேர்த்து வாசியுங்கோ. அவர் குறை எண்டு எழுதினால் திருத்தினதெண்டோ திருத்தத் தேவையில்லை எண்டோ கொம்பனி எழுத்திலை உறுதிப்படுத்தவேணும் எண்டது அங்கத்தைய சட்டம், விதி இலக்கம் 396.11. அந்த ரிப்போட்டை மூண்டு மாசம் வைச்சிருக்கவேணும், திருத்தின வேலைப் பதிவை ஒரு வருசம். நீங்கள் மூடுற டிக்கற்றும் நாளைக்கு ஒரு விபத்தெண்டு வந்தால் எடுத்துப் பாக்கிற பேப்பர்தான்.

நல்லூர் நைற் ஷிப்ற்:

எல்லாருக்கும் பெரிய நன்றி, நேற்றிரவு முழுக்க இதைத்தான் வைச்சுப் பாத்தனான். மூண்டு சென்சர் மாத்தின அந்த ரெயிலரின்ரை பதிவெல்லாம் எடுத்தன். அலேற் மூண்டும் எஃப்எம்ஐ 5. பூட்டியிருந்த ட்றக் மூண்டும் வேறை வேறை, அப்ப பிரம்ரன் அண்ணை சொன்ன சுருள் கேபிள் இல்லை, ரெயிலரிலைதான் பிழை. முதல் ரண்டு வேலைக்குப் பிறகும் ரெயிலர் யாட்டிலை அசையாமல் நிண்டிருக்கு, ஜிபிஎஸ்ஸிலை ஒரே இடம். பேந்து சாமான் ஏத்தி வெளிக்கிட்ட அண்டைக்கே அலேற். ரண்டு நாள் விதிப்படி ரண்டும் சரியான வேலையாப் பதிஞ்சு கிடக்கு!

கடைசி வென்டரின்ரை ஃபோட்டோவை வடிவாப் பாத்தன், புதுச் சென்சர், அதின்ரை பெட்டி, எரியிற பின்லைற். பக்கத்திலை இருக்கிற சின்ன லைற்றுகளும் சேர்ந்து எரியுது. அப்ப பாக் லைற் போட்டுத்தான் எடுத்திருக்கினம். அவைக்கு எழுதி, முன் சொக்கற்றைக் கழட்டிப் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டன். மாட்டம் எண்டு சொல்லுவினம் எண்டுதான் நினைச்சன், ஆனால் ரெயிலர் இன்னும் அவையின்ரை யாட்டிலைதான் நிண்டது, அனுப்பிவிட்டினம். சிவப்பு வயர் பூட்டுற இடத்திலை பச்சை பிடிச்சு, இழையளிலை பாதி அறுந்து, மிச்சம் ஒரு பக்கமாத் தொங்கிக்கொண்டு நிக்குது. கொக்குவில் அண்ணை சொன்னது அச்சொட்டா அப்பிடியே.

கொக்குவில் வயரிங்:

பிள்ளை, பாதி அறுந்த வயரிலை லைற் எரியும், அதுதான் எல்லாரையும் ஏமாத்திறது. சொக்கற்றை மட்டும் மாத்த விடாதேங்கோ. அந்தச் சிவப்பு வயரை நல்ல செம்பு வருமட்டும் வெட்டச் சொல்லுங்கோ, வெட்டின துண்டையும் படம் எடுக்கச் சொல்லுங்கோ. வெள்ளை வயரையும் சேர்த்துப் பாக்கட்டும், சிவப்புக்குள்ளை போன தண்ணி வெள்ளையை விட்டிருக்காது. பேந்து சொக்கற்றுக்கை தண்ணி எதாலை போனதெண்டும் கேளுங்கோ, மூடி உடைஞ்சிருக்கும், இல்லாட்டிப் பின்பக்க றப்பர் இல்லாமல் இருக்கும். அதைத் திருத்தாட்டி புதுச் சொக்கற்றும் இதே கதிதான். நேரம் இருந்தால் ஒரு நாள் விடிய ஷிப்ற் முடிஞ்சு வரேக்கை ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு வயரிங் கடையிலை நிண்டு பாருங்கோ, பிறேக் லைற் சொக்கற் கழட்டாத நாள் இல்லை. கையிலை பிடிச்சுப் பாத்தால் ஃபோட்டோவிலை என்ன இல்லை எண்டு உங்களுக்கே விளங்கும்.

நல்லூர் நைற் ஷிப்ற்:

கட்டாயம் போறன் அண்ணை. சொக்கற்றும் வயரும் மாத்திப்போட்டினம், வெள்ளையும் கறுத்துத்தான் இருந்ததெண்டு எழுதியிருக்கினம். இண்டைக்கு ரெயிலர் பூட்டுப்பட்டு வெளிக்கிட்டுது, பிறேக் பிடிக்கேக்கை கறண்ட் சரியா வந்த பதிவும் கிடைச்சிருக்கு. இன்னும் மழைக்கை ஓடேல்லை, ஒரு மழை காணுமட்டும் டிக்கற்றைத் திறந்துதான் வைச்சிருக்கப் போறன், சுப்பவைசரும் ஓம் எண்டிட்டார்.

இனி வேலை குடுக்கேக்கையே வென்டருக்கு இதையும் சேர்த்து அனுப்பலாம் எண்டு இருக்கிறன், பாத்துச் சொல்லுங்கோ:

"இந்த அலேற் வந்த நேரம், இடம், பூட்டியிருந்த ட்றக் நம்பர், முந்தி இதே குறைக்கு நடந்த வேலை எல்லாம் கீழை இருக்கு. சென்சர் மாத்திறதுக்கு முதல் முன் சொக்கற், ஏர்த், பின் பிளக் மூண்டையும் கழட்டிப் படம் எடுக்கவும். லைற் பூட்டினபடி பிறேக் போட்டு முன்னுக்கும் பின்னுக்கும் வோல்ற் எழுதவும். காரணம் எழுதாத இன்வொயிஸ் ஏற்கப்படாது. வேலை முடிஞ்சதும் ரெயிலர் நம்பர் தெரிய, பிறேக் மிதிச்சு விடுற வீடியோ வேணும்."

பிரம்ரன் ரெயிலர் மெக்கானிக்:

நல்லா இருக்கு பிள்ளை, எனக்கு இப்பிடி ஒரு வேலைத் தாள் வந்தால் சந்தோசமாச் செய்வன். ஒண்டு மட்டும் சேருங்கோ, பிழை தேடுற நேரத்துக்குத் தனியா இவ்வளவு காசு தருவம் எண்டும், எல்லாம் சரியா இருந்து ஒண்டும் மாத்தாமல் போனாலும் அந்தக் காசு உண்டு எண்டும். அது இல்லாமல் மிச்சம் எல்லாம் கேட்டால் அவன் படத்தையும் எடுத்துப்போட்டுச் சென்சரையும் மாத்திப்போட்டுத்தான் போவான். பழைய சாமானைத் திருப்பித் தரவேணும் எண்டும் போடுங்கோ, கழட்டின சென்சரை மேசையிலை வைச்சு ரெஸ்ற் பண்ணினால் அது உண்மையாப் பழுதோ எண்டு தெரியும், அந்த மூண்டிலை ஒண்டாவது இன்னும் வென்டரிட்டைக் கிடந்தால் இப்பவே கேட்டுப் பாருங்கோ.